நிலநடுக்கப் பகுதியில் நாலாம் மாடி வீடு: முன்கூட்டியே என்ன செய்து வைப்பது, ஆடும்போது என்ன செய்வது?

வாசல்படி:

நிலநடுக்கம் வரக்கூடிய பகுதிக்குக் குடிமாறியிருக்கிறோம். ஆறு மாடிக் கான்கிரீட் கட்டடம், எங்களுடையது நாலாவது மாடி. தரைத்தளத்தில் சுவர்களே இல்லை, தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்துகிறார்கள். வீட்டில் நாங்கள் இருவர், ஆறு வயதுப் பையன், வாக்கர் பிடித்து நடக்கும் அம்மா.

ஆட ஆரம்பித்ததும் படியிறங்கி ஓடுவதா, உள்ளேயே இருப்பதா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒரு முடிவு வரவில்லை. மேசைக்கு அடியில் போகக் கூடாது, பக்கத்தில் சுருண்டு படுக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நிலைப்படியில் நிற்பதுதான் பாதுகாப்பு என்கிறார் அம்மா. எதை நம்புவது?

ஆளுயர இரும்பு பீரோ, மரப் புத்தக அலமாரி, ஃப்ரிட்ஜ் மூன்றையும் சுவரோடு பிணைக்க வேண்டும். வாடகை வீடு, ஆனால் அளவாக ஓட்டை போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அவசரப் பையில் என்ன, எவ்வளவு வைப்பது? சமையல் எரிவாயு சிலிண்டரை என்ன செய்வது? தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

கல்தச்சன்:

ஓட வேண்டாம். காரணம் சொல்லிவிடுகிறேன், வீட்டில் எல்லோருக்கும் புரிந்தால்தான் அந்த நேரத்தில் நிற்பார்கள்.

நாலாவது மாடியிலிருந்து தரைக்கு வர நல்ல திடமானவருக்கே ஒரு நிமிடம் ஆகும். அளவு 6 நடுக்கத்தில் பலத்த ஆட்டம் பொதுவாகப் பத்துப் பதினைந்து வினாடி, அளவு 7 என்றால் அரை நிமிடம் போல. அதாவது மிக மோசமான ஆட்டத்தின்போது நீங்கள் படிக்கட்டில் இருப்பீர்கள். படிக்கட்டு நம்பத்தகுந்த இடமல்ல. மேல்தளமும் கீழ்த்தளமும் வேறுவேறு அளவு நகரும்போது இடையில் சாய்வாகக் கிடக்கும் படிப்பலகை அந்த விசையைத் தன்மேல் வாங்கிக்கொண்டு விரிசல் விடும். தப்பி வெளியே வந்தாலும், கைப்பிடிச் சுவர், ஜன்னல் கண்ணாடி, ஏசியின் வெளிப்பெட்டி எல்லாம் விழுவது கட்டடத்தை ஒட்டிய அந்தச் சில அடிகளில்தான். லிஃப்டைத் தொடவே கூடாது.

நிலத்தடியிலிருந்து முதலில் வந்து சேர்வது முதன்மை அலை, நொடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகம். நம்மைப் புரட்டும் இரண்டாம் அலை சுமார் 3.5 கி.மீ. நடுக்கம் தொடங்கிய இடத்துக்கும் உங்களுக்கும் இடையே ஒவ்வொரு 8 கி.மீ.க்கும் ஏறக்குறைய ஒரு நொடி இடைவெளி கிடைக்கும். 40 கி.மீ. தொலைவென்றால் ஐந்து நொடி. 'டக்' என்ற அந்த முதல் உலுக்கலிலேயே இறங்கிவிட வேண்டும், "நிலநடுக்கம்தானா?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதில்தான் அந்த ஐந்து நொடியும் போய்விடும்.

செய்வது இதுதான்: கையும் முழங்காலும் தரையில் படும்படி இறங்குங்கள், ஆட்டம் தள்ளிவிடுவதற்கு முன்பே. உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து ஒரு கையால் மேசைக்காலைப் பிடியுங்கள், மறுகையால் தலையையும் பிடரியையும் மூடுங்கள். பிடித்துக்கொள்ளச் சொல்வது ஏனென்றால் மேசை நகரும். பிடிக்காவிட்டால் அது ஒரு பக்கம் போகும், நீங்கள் வெட்டவெளியில் கிடப்பீர்கள். மேசை இல்லையென்றால் ஜன்னல், பீரோ, மின்விசிறி இவற்றிலிருந்து விலகி, உட்சுவரை ஒட்டிக் குறுகி, இரு கைகளாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள். படுக்கையில் இருந்தால் எழ வேண்டாம். குப்புறத் திரும்பித் தலையணையைத் தலைமேல் அழுத்துங்கள். இருட்டில் எழுந்து உடைந்த கண்ணாடியை மிதிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் காயம்.

மேசைக்குப் பக்கத்தில் படுக்கச் சொல்லும் செய்தியை அழித்துவிடுங்கள். கட்டடம் முழுதாக அப்பளமாக நொறுங்கும், சாமான்கள் இருந்த இடத்திலேயே இருக்கும் என்ற இரண்டு தவறான அனுமானங்களின் மேல் நிற்கும் யோசனை அது. நன்றாகக் கட்டிய பெரும்பாலான கட்டடங்கள் முழுதாக விழுவதில்லை. ஆட்களைக் காயப்படுத்துவது விழும் பொருள்கள். கனமான சாமானுக்குப் பக்கத்தில் படுத்தால் அது சறுக்கி உங்கள்மேல் வரும். நிலைப்படி யோசனை பழைய மண் வீடுகளின் காலத்தது. சுவர் சரிந்து நிலை மட்டும் நிற்கும் காட்சியைப் பார்த்துப் பரவியது. இன்றைய வீட்டில் நிலைப்படி மற்ற இடத்தைவிட வலுவானதல்ல. கதவு வேறு வீசி அடிக்கும், விரல் நசுங்கும்.

சாமான்களைப் பிணைப்பது பற்றித் தனியாக எழுதுகிறேன், அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஆடும்போது செய்ய முடிவது மிகக் கொஞ்சம். டிரில்லோடு ஒரு நாள் உட்கார்ந்தால் முடிவது நிறைய.

கல்தச்சன் (தொடர்ச்சி):

பீரோ: மேல்பக்கம் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு எல் வடிவ இரும்புக் கிளாம்ப். பீரோவின் தகடு மெல்லியது, வெறும் திருகாணி கிழித்துக்கொண்டு வந்துவிடும். 6 மி.மீ. போல்ட் போட்டு உள்பக்கம் அகலமான வாஷர் வைத்து நட்டை முடுக்குங்கள்.

சுவர்ப்பக்கம்: திடமான செங்கல் என்றால் 8 மி.மீ. துளை, நைலான் பிளக், 80 மி.மீ. நீளத் திருகாணி. அவ்வளவு நீளம் எதற்கென்றால், சிமெண்ட் பூச்சு மட்டும் 12 முதல் 20 மி.மீ. இருக்கும், அது எதையும் தாங்காது. செங்கல்லுக்குள் குறைந்தது 50 மி.மீ. போயாக வேண்டும். கல்லின் நடுவில் துளையுங்கள், இரண்டு கல் சேரும் கலவையில் அல்ல. துளைத்ததும் உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுங்கள். தூளோடு பிளக்கை அடித்தால் முடுக்கும்போது இறுகியது போல் தெரியும், இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். கான்கிரீட் தூணில் துளைக்கும்போது கம்பி தட்டுப்பட்டால் அந்தத் துளையை அப்படியே விட்டுவிட்டு வேறிடம் பாருங்கள். கம்பியை வெட்டாதீர்கள்.

மர அலமாரியில் பலர் செய்யும் பிழை, பின்பலகையில் திருகுவது. அது 3, 4 மி.மீ. ஒட்டுப்பலகை. மேல்பலகையிலோ பக்கச் சட்டத்திலோதான் திருக வேண்டும். பட்டை போட்டுக் கட்டினால் தொய்வே இருக்கக் கூடாது. தொய்வு இருந்தால் அலமாரி அந்த இடைவெளியில் வேகம் பிடித்துவிடும், திருகாணியைப் பிடுங்குவது அந்த வெட்டிழுப்புதான். ஃப்ரிட்ஜுக்குப் பின்பக்க மேல் ஓரங்களில் இரண்டு பட்டை போதும், சக்கரம் இருந்தால் பூட்டிவிடுங்கள். விழுந்தால் வாசலை அடைக்கும் இடத்தில் எந்தப் பெரிய சாமானும் வேண்டாம்.

கனமான புத்தகங்கள் கீழ்த்தட்டுக்கு. கட்டில் தலைமாட்டுக்கு மேல் படம், அலமாரி, கண்ணாடி எதுவும் கூடாது. ஜன்னலை ஒட்டிய கட்டிலை நகர்த்த முடியாவிட்டால் கண்ணாடியின் உள்பக்கம் 100 மைக்ரான் பாதுகாப்புப் படலம் ஒட்டுங்கள். கண்ணாடி உடையும், ஆனால் துண்டாகச் சிதறாது. குளியலறையில் 25 லிட்டர் கீசர் மாட்டியிருந்தால் தண்ணீரோடு 35 கிலோவுக்கு மேல் கனக்கும். அதன் கொக்கிகள் எதில் நிற்கின்றன என்று பாருங்கள்.

வாசல்படி:

மிக்க நன்றி. பீரோ வைத்திருக்கும் சுவரில் சோதனைக்கு ஒரு துளை போட்டேன். வெள்ளைப் பொடியாக வருகிறது, டிரில் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கிவிட்டது, பிளக் உள்ளேயே சுற்றுகிறது. என்ன செய்வது?

கல்தச்சன்:

அது காற்றடைத்த எடைகுறைந்த கல். சாதாரண பிளக்கும் விரிந்து பிடிக்கும் இரும்பு போல்ட்டும் அதில் நிற்காது, விரியும்போது கல்லையே நொறுக்கிவிடும். அந்தக் கல்லுக்கென்றே சுருள் மரை கொண்ட நைலான் பிளக் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். டிரில்லைச் சுத்தியல் முறையில் வைக்காமல் வெறும் சுழற்சியில் துளையுங்கள். இதைவிட உறுதியானது, உள்ளே பசை செலுத்தி நிறுத்தும் ரசாயன ஆங்கர். முடிந்தால் பீரோவையே கான்கிரீட் தூணோ உத்திரமோ இருக்கும் பக்கத்துக்கு நகர்த்துவது இதையெல்லாம்விடச் சுலபம்.

ஓட்டையே போட முடியாத இடத்தில் பீரோவுக்கும் கூரைக்கும் நடுவே முடுக்கு கம்பம் இரண்டு கொடுங்கள், சுவரை ஒட்டிய பின்பக்க மூலைகளில். கூரையில் படும் இடத்தில் ஒரு பலகை. பொய்க்கூரை என்றால் பயனில்லை. கம்பம் தனியாகப் போதாது. பீரோவின் முன் விளிம்புக்கு அடியில் ஆப்புப் பட்டையும் சேர வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எல் கிளாம்ப்புக்குப் பக்கத்தில் வரும் பலன் கிடைக்கும்.

கைமருந்து:

அம்மாவைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. வாக்கர் பிடித்திருப்பவர் மேசைக்கு அடியில் புக வேண்டியதில்லை, முயன்றால் விழுவார், இடுப்பெலும்பு முறியும். அருகில் இருக்கும் நாற்காலியிலோ கட்டிலிலோ உட்கார வேண்டும். முன்னால் குனிந்து, இரு கைகளாலும் தலையையும் பிடரியையும் மூட வேண்டும். மடியில் ஒரு தலையணை இருந்தால் அதைத் தலைமேல் பிடிக்கலாம். சக்கரம் உள்ள வாக்கர் என்றால் பூட்டிவிட்டு உட்கார வேண்டும். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு மேலும் பின்னாலும் விழக்கூடியது எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவே பாதி வேலை.

பையனுக்கு அறைக்கு ஓர் இடம் காட்டிக் கொடுங்கள். "மேசை!" என்று ஒரே சொல், கேட்டதும் இறங்க வேண்டும். முடிந்ததும் நீங்களே அறுபது வரை எண்ணுங்கள், அவன் அதுவரை மேசைக்காலை விடக் கூடாது. பெரியவர்களுக்குத்தான் பயிற்சி கூடுதலாகத் தேவை. குழந்தை அடுத்த அறையில் இருந்தால் ஓடத் தோன்றும். பலத்த ஆட்டத்தில் நடக்கவே முடியாது, விழுந்து அடிபட்ட பெற்றோரால் பிறகு குழந்தைக்கு உதவ முடியாது. குரல் கொடுத்துக்கொண்டே இருங்கள். குரல் கேட்டாலே குழந்தை அசையாமல் இருக்கும்.

தண்ணீர்: ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், குடிக்கவும் அத்தியாவசியச் சுத்தத்துக்கும் சேர்த்து. நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், ஒரு வாரத்துக்கு 112 லிட்டர். மூன்று நாளைக்குக் குறையாமல் வையுங்கள், ஒரு வாரத்துக்கு என்றால் நிம்மதி. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்காமல் இரண்டு அறைகளில் பிரித்து, தரையில் வையுங்கள். சந்தேகமான தண்ணீரைக் கொதிக்க வைக்க வழியில்லையென்றால், மணம் சேர்க்காத, 5 முதல் 6 சதவீத வீட்டு பிளீச், லிட்டருக்கு 2 சொட்டு, கலக்கி அரை மணி நேரம். கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டி 4 சொட்டு. லேசான குளோரின் வாசனை இருக்க வேண்டும். பிளீச் நாளாக நாளாக வீரியம் இழக்கும், ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள்.

நடுக்கம் நின்றதும் வீட்டுக்கு வரும் தண்ணீர் வால்வை மூடுங்கள். வெளியே குழாய் உடைந்திருந்தால் அழுக்கு உள்ளே வரும், மாடித் தொட்டியில் இருப்பதும் வடிந்துபோகும்.

பையில்: எல்லோருடைய மருந்தும் குறைந்தது ஒரு வாரத்துக்கு, மருந்துச்சீட்டின் நகலோடு. மூக்குக் கண்ணாடி இன்னொன்று. டார்ச், ரேடியோ, இரண்டுக்கும் பேட்டரி. பவர் பேங்க். ஆளுக்கொரு விசில். கனத்த கையுறை. தூசிக்கு முகக்கவசம். சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு. சில்லறையாகப் பணம், மின்சாரம் போனால் அட்டை வேலை செய்யாது. அடையாள ஆவணங்களின் நகல். காயத்தை அழுத்திக் கட்டப் பெரிய துணிப்பட்டைகள் (சின்ன ஒட்டுப் பிளாஸ்திரிகளை நிறைய அடுக்கிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்). இந்தப் பையிலிருந்து தனியாக, கட்டில் ஒவ்வொன்றின் காலிலும் ஒரு துணிப்பை கட்டி அதில் தடித்த அடி கொண்ட காலணியும் சிறு டார்ச்சும். கட்டாமல் கீழே வைத்தால் ஆட்டத்தில் எங்கேயோ போய்விடும்.

வேறு ஊரில் இருக்கும் ஓர் உறவினரைத் தகவல் மையமாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூருக்குள் அழைப்புகள் நெரிசலில் மாட்டும். அழைப்பைவிடக் குறுஞ்செய்தி எளிதில் போய்ச் சேரும்.

தணல்:

சிலிண்டர். ஆடும்போது அடுப்பை அணைக்கச் சமையலறைக்குப் போகாதீர்கள். அடுப்பின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தால், கைக்கெட்டும் குமிழைத் திருப்பிவிட்டு விலகுங்கள். கொதிக்கும் எண்ணெயும் நீரும் மேலே கொட்டுவதுதான் அங்கே முதல் ஆபத்து. நின்றபிறகு ரெகுலேட்டரை மூடுங்கள்.

சிலிண்டரை அதன் நடுப்பகுதியில் சங்கிலியால் சுவரோடு கட்டி நிமிர்த்தியே வையுங்கள். சாய்ந்து விழுந்தால் வால்வு வழியாக வாயுவுக்குப் பதில் திரவமே வெளியேறும், ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் ஜன்னலோடு நிற்காமல் கதவையும் திறங்கள். வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம், போனைக்கூட வெளியே போய்ப் பயன்படுத்துங்கள். குழாய் வழி எரிவாயு உள்ளவர்களுக்கு ஒன்று: வாசனையோ சீறும் ஒலியோ இருந்தால் மட்டும் பிரதான வால்வை மூடுங்கள். மூடினால் நீங்களாகத் திறக்கக் கூடாது, நிறுவனத்தின் ஆள் வந்து சோதித்த பிறகே. பெரிய நடுக்கத்துக்குப் பிறகு அவர் வரப் பல நாள் ஆகலாம்.

மின்சாரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46-க்கு ஜப்பானின் கோபே நகரத்தை உலுக்கிய நடுக்கத்தில், காரணம் கண்டுபிடிக்கப்பட்ட தீவிபத்துகளில் பாதிக்கும் மேல் மின்சாரம் தொடர்பானவை. விழுந்த ஹீட்டர், நசுங்கிய வயர், எல்லாம் சும்மா கிடக்கும். மின்சாரம் திரும்ப வந்ததும், ஆளில்லாத வீட்டில் தீப்பிடிக்கும். வீட்டை விட்டு இறங்கும் முன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு இறங்குங்கள்.

தீயணைப்பான் ஒன்று, உலர்பொடி வகை, வாசலருகில். சிறியது பத்துப் பதினைந்து வினாடியில் தீர்ந்துவிடும், எனவே குப்பைக்கூடை அளவு தீக்குத்தான் அது. அதற்கு மேல் என்றால் வெளியேறுங்கள். ஜெனரேட்டரையும் கரி அடுப்பையும் வீட்டுக்குள்ளோ பால்கனியிலோ வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

மலையோரம்:

கல்தச்சன் சொன்ன "ஓடாதே" கான்கிரீட் கட்டடத்துக்குச் சரி. இந்தத் திரியைப் படிக்கும் எல்லோரும் அப்படிப்பட்ட வீட்டில் இருக்க மாட்டார்கள். மண்சுவர், அல்லது சேறு வைத்து அடுக்கிய கல்சுவர், மேலே கனமான கூரை என்றால் அது நொடிகளில் உட்கார்ந்துவிடும், மேசை தாங்காது. அப்படிப்பட்ட வீட்டில் தரைத்தளத்தில், வாசலுக்குச் சில எட்டில் இருந்தால், வெளியே திறந்த இடம் இருந்தால், முதல் உலுக்கலிலேயே வெளியேறுவது மேல். வாசல் தூரம் என்றால் அங்கேயும் தலையை மூடிக் குறுகுவதுதான்.

கடற்கரையில் இருப்பவர்கள்: ஆட்டம் இருபது வினாடிக்கு மேல் நீடித்தால், நின்றதும் நடந்தே மேட்டுக்குப் போங்கள். சைரனுக்குக் காத்திருக்க வேண்டாம். முதல் அலைதான் பெரியது என்று எந்த விதியும் இல்லை, பல மணி நேரம் கழித்தும் வரும்.

பின்னதிர்வுகள் பற்றி ஒரு கணக்கு. மிகப் பெரிய பின்னதிர்வு முதன்மை நடுக்கத்தைவிடச் சராசரியாக 1.2 அளவு குறைவாக இருக்கும். எண்ணிக்கையும் நாள் கூடக் குறையும். பத்தாம் நாள் ஏறக்குறைய முதல் நாளின் பத்தில் ஒரு பங்கு. ஆனால் இது சராசரிதான். 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் 7.8-க்குப் பிறகு சுமார் ஒன்பது மணி நேரத்தில் 7.5 வந்தது. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25-க்குப் பிறகு மே 12 அன்று 7.3. முதல் ஆட்டத்தில் தப்பித்த கட்டடம் ஏற்கெனவே வலுவிழந்திருக்கும். சாமான் எடுக்க உள்ளே போகும் முன் தூணையும் தூணும் உத்திரமும் சேரும் மூட்டையும் பாருங்கள். அங்கே குறுக்கு விரிசல், கான்கிரீட் உதிர்ந்து வளைந்த கம்பி தெரிவது, கதவு திடீரென்று மாட்டிக்கொள்வது இவை இருந்தால் போகவே கூடாது. செங்கல் சுவர் உத்திரத்தைத் தொடும் இடத்தில் மெல்லிய மயிரிழை விரிசல் மட்டும் என்றால் பெரும்பாலும் பூச்சு விட்டதுதான். வெளியே காத்திருக்கும்போது கட்டட உயரத்தின் ஒன்றரை மடங்கு தள்ளி நில்லுங்கள்.

இடிபாட்டில் மாட்டிக்கொண்டால் கத்திக்கொண்டே இருக்காதீர்கள், தூசி நுரையீரலுக்குள் போகும். விசில், அல்லது குழாயிலோ சுவரிலோ மும்மூன்றாகத் தட்டல். தீக்குச்சி கூடாது. மீட்கப் போகிறவர்களுக்கு: கையோ காலோ தொடையோ ஒரு மணி நேரத்துக்கு மேல் பாரத்தின் கீழ் நசுங்கிக் கிடந்திருந்தால், மருத்துவக் குழு வருமென்றால் அவர்கள் வந்து சலைன் ஏற்றிய பிறகே பாரத்தைத் தூக்க வேண்டும். நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்தால் பேசிக்கொண்டிருந்தவரின் இதயம் நின்றுவிடும்.

வாசல்படி:

எல்லோருக்கும் நன்றி. கீழே தூண்கள் மட்டும் நிற்கும் தளத்தைப் பற்றி யாராவது சொல்லுங்கள். தூண்களுக்கு நடுவே அரைச்சுவர் எழுப்பினால் வலுவாகும் என்று குடியிருப்போர் கூட்டத்தில் ஒருவர் சொல்கிறார்.

கல்தச்சன்:

அரைச்சுவரை எப்படியாவது தடுத்துவிடுங்கள். முழுத்தூணும் வளைந்து விசையை வாங்க வேண்டும். பாதி உயரத்துக்குச் சுவர் கட்டினால் மேலிருக்கும் குட்டைப் பகுதி மட்டும்தான் வளைய இடம் இருக்கும், வெட்டு விசை முழுதும் அங்கே குவிந்து எக்ஸ் வடிவில் பிளந்துவிடும்.

தளத்தின் சிக்கல் இது: மேல்மாடிகளில் செங்கல் சுவர்கள் நிறைந்திருப்பதால் அவை விறைப்பாக ஒரே கட்டியாக நகரும். கீழ்த்தளம் மட்டும் மெத்தென்று இருக்கும். மொத்த அசைவும் அந்த ஒரு தளத்துத் தூண்களின் தலையிலும் காலிலும் விழும். 2001 ஜனவரி 26 குஜராத் நடுக்கத்தில் மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இப்படிப்பட்ட அடுக்குமாடிகள் பல விழுந்தன.

கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டு, வரைபடத்தில் இரண்டைப் பார்க்கச் சொல்லுங்கள்: தூணின் மேல், கீழ் முனைகளில் வளையக் கம்பிகள் நெருக்கமாக இருக்கின்றனவா, அவற்றின் நுனி 135 பாகையில் உள்நோக்கி மடக்கப்பட்டிருக்கிறதா. 90 பாகை மடக்கு என்றால் மேல்பூச்சு உதிர்ந்ததும் வளையம் அவிழ்ந்துவிடும். சரிசெய்ய வழிகள் உண்டு. தரைத்தளத்தில் அடித்தளத்திலிருந்து மேல் உத்திரம் வரை சில இடங்களில் கான்கிரீட் சுவர், அல்லது இரும்புக் குறுக்குச் சட்டங்கள், அல்லது தூண்களுக்குக் கம்பி சேர்த்துக் கான்கிரீட் உறை. எங்கே, எத்தனை என்பது கணக்கிட்டுத்தான் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுவர் எழுப்பினால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும்.

அது முடியும்வரை அவசரப் பொருள்களையோ தண்ணீர் கேன்களையோ அந்தத் தளத்தில் வைக்க வேண்டாம். நடுக்கத்துக்குப் பிறகு எல்லோரும் கூடும் இடமாகவும் அதைக் குறிக்க வேண்டாம்.